கேட்கவில்லை என்று சொன்னேன்

போன வருட மழைக்காலத்தில், கொல்கத்தா பவானிபூரில் நான் தனியாகக் குடியிருக்கும் வீட்டில் நடந்தது இது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படியான விஷயம் இல்லை. என் மனைவியிடமே பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மதுரை. மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. நாற்பத்தாறு வயதில் கொல்கத்தா அலிப்பூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மனைவி மதுரையில் பள்ளி ஆசிரியை. மகள் அப்போது பிளஸ் ஒன். அவர்களைப் பெயர்த்துக்கொண்டு வர முடியாது. இரண்டு பெட்டி, ஒரு குக்கர், என்னுடைய பழைய பேஸ் கிட்டார் இவற்றோடு நான் மட்டும் ரயிலேறினேன். கிட்டாரைப் பார்த்து மனைவி சிரித்தாள். "அங்க போயி யாருக்குங்க வாசிச்சுக் காட்டப் போறீங்க?"

கல்லூரி நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்தேன். கல்யாண வீடு, கோவில் திருவிழா என்று ஐந்து வருடம் சுற்றியிருக்கிறேன். பேஸ் கிட்டாரில் நாலு கம்பிதான். பாட்டுக்கு அடியில் 'தும் தும்' என்று போய்க்கொண்டே இருக்கும். மேடையில் இருக்கும்போது அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். மேடை இல்லாமல், பாட்டும் இல்லாமல், அதை மட்டும் தனியாக வாசிப்பவனைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. அலுவலகம் விட்டு ஆறு மணிக்கு வந்தால் மறுநாள் காலை ஒன்பது வரை எனக்குப் பேச ஆள் கிடையாது. அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. எல்லோருமே குடும்பத்தோடு இருப்பவர்கள், டாக்குரியா பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனேன். திரும்பக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்களுக்கும் ஆயிரம் வேலை.

அதனால் கிட்டாரை எடுத்தேன். ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் பேஸ் கிட்டார் வெறும் மரக்கட்டை மாதிரிதான். எங்கள் அலுவலக மனமகிழ் மன்றத்தின் ஸ்டோர் ரூமில் ஒரு பழைய ஆம்ப் தூசி படிந்து கிடந்தது. எப்போதோ ஆண்டு விழாவுக்கு மைக் போடுவதற்காக வாங்கியது. "எடுத்துட்டுப் போங்க சார், யாருக்கும் வேணாம்" என்று கொடுத்துவிட்டார்கள். ஸ்விட்ச் போட்டதும் பழைய ஃப்ரிட்ஜ் மாதிரி ஓர் உறுமல். வாசித்தால் உறுமலுக்கு நடுவே கிட்டாரும் கொஞ்சம் கேட்டது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. மூன்றாவது நாள் வாசித்துக்கொண்டே ஜன்னல் கம்பியில் கை வைத்தேன். ஷாக் அடித்துத் தோள் வரைக்கும் இழுத்துப் போட்டுவிட்டது.

பவானிபூரிலேயே ஒரு சந்தில் வாத்தியங்கள் ரிப்பேர் செய்யும் கடை இருக்கிறது. டாக்சியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் பின்பக்கத்தைத் திறக்கவேயில்லை. இரண்டு முள் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதுல எர்த்தே கிடையாது தாதா. இன்னும் ஒரு வாரம் வாசிச்சிருந்தா உங்க போட்டோவுக்கு மாலை போட்டிருப்பாங்க" என்றார் இந்தியில். அந்த ஊரில் தாதா என்றால் அண்ணன்.

பேஸ் கிட்டாருக்கென்றே இருக்கும் ஆம்ப் பெரியது, கனமானது. என் வீட்டின் குறுகலான மாடிப்படியில் ஏற்ற முடியாது. அவரிடம் ஒரு கீபோர்டு ஆம்ப் இருந்தது. பழசுதான், ஆனால் மூன்று முள் பிளக். கீபோர்டில் அடி ஸ்வரம் முதல் உச்சி ஸ்வரம் வரை எல்லாம் வரும் என்பதால் அந்த ஆம்ப் பேஸையும் தாங்கும் என்றார். "ஆனா ஒண்ணு, வால்யூம் பாதியைத் தாண்டக் கூடாது. ஸ்பீக்கர் சின்னது. கிழிஞ்சுடும்." பழைய ஆம்பைக் கொடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் போட்டு இதை வாங்கி வந்தேன்.

வீட்டில் வாசித்துப் பார்த்தபோது கொஞ்சம் அதிர்ச்சியாக இருந்தது. பேஸ் ஆம்பில் எல்லாம் உருண்டு திரண்டு வரும். தப்புகூட அழகாகத் தெரியும். கீபோர்டு ஆம்ப் எதையும் மறைக்காது. விரல் கம்பியில் உரசுவது, ஒரு ஸ்வரத்தை அரைகுறையாக அழுத்தியது எல்லாமே கண்ணாடி போல் வெளியே வந்தது. இருபது வருடத் துருவை அது ஒரே நாளில் காட்டிக் கொடுத்துவிட்டது. இருந்தாலும் தினமும் சாயங்காலம் உட்கார ஆரம்பித்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்காக அலுவலகத்தில் கடிகாரத்தைப் பார்க்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

நாலாவது நாள் தரைக்கு அடியிலிருந்து 'டொக், டொக்' என்று கேட்டது.

அது பழைய காலத்து வீடு. இரும்பு உத்திரமும் மரச்சட்டமும் கோத்த கூரை. என் தரைதான் கீழ் வீட்டுக்குக் கூரை. பேஸ் சத்தம் காற்றில் போவதைவிட மரத்தில் நன்றாகப் போகும். கீழ் வீட்டில் ஒரு வங்காளிக்காரர் தனியாக இருந்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கலாம். பத்திரிகைகளுக்கும் பதிப்பகங்களுக்கும் வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுப்பவர். ஒட்டடைக் கம்பால் கூரையைத் தட்டியிருக்கிறார். மறுநாள் அவரே படியேறி வந்தார். மெலிந்த உடம்பு, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி.

"ஆஸ்தே, தாதா, ஆஸ்தே" என்றார். மெதுவாக வையுங்கள் என்று அர்த்தம். பிறகு எனக்காக இந்திக்கு மாறினார். "பூஜை மலர் வேலை நடக்குது. எழுத்தெல்லாம் பேப்பர்ல குதிக்குது."

துர்கா பூஜைக்குப் பத்திரிகைகள் எல்லாம் கனமான சிறப்பு மலர் போடும். அதற்கான வேலை மழைக்காலத்திலேயே தொடங்கிவிடும். நான் மன்னிப்புக் கேட்டேன். ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ஆறரை முதல் ஏழரை வரை வாசிக்கலாம். ஆம்பைத் தரையில் வைக்காமல், நாற்காலியில் போர்வையை மடித்துப் போட்டு அதன் மேல் வைக்க வேண்டும். அவர் ஒருமுறை தட்டினால் குறைக்க வேண்டும். இரண்டுமுறை தட்டினால் நிறுத்த வேண்டும். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேலை இருக்கிறது என்று இறங்கிவிட்டார்.

மாதத்தில் நாலைந்து முறை ஒற்றைத் தட்டு வரும். குறைப்பேன். இரட்டைத் தட்டு அபூர்வம். படியில் பார்த்தால் தலையாட்டுவோம். அவ்வளவுதான் பழக்கம். ஆனால் போகப் போக அந்தத் தட்டு எனக்கு எரிச்சலைக் கொடுத்தது. இத்தனை லட்சம் பேர் இருக்கிற ஊரில் என்னிடம் ஏதாவது சொல்கிற ஒரே ஆள், அவரும் நிறுத்து என்றுதான் சொல்கிறார் என்று தோன்றும்.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். அன்று என் மகளின் பிறந்தநாள். காலையில் அவசரமாக இரண்டு வார்த்தை பேசியிருந்தாள். சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டேன். பின்னால் ஒரே கூச்சல், பலூன், தோழிகள்.

"அப்பா, ஃப்ரெண்ட்ஸ்லாம் வந்திருக்காங்கப்பா. நாளைக்குப் பேசலாமா?"

"கேக் வெட்டறதை மட்டும் பாத்துட்டு வச்சுடறேன்டா."

"அதெல்லாம் வெட்டியாச்சுப்பா."

போனை வைத்துவிட்டாள். அவள் மேல் தப்பில்லை, பதினேழு வயசுப் பெண். என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வெட்ட வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் உள்ளே போய்த் தைத்தது. ஒரு வருடத்தில் நான் இல்லாமலேயே அந்த வீடு நடக்கப் பழகிவிட்டது.

கிட்டாரை எடுத்தேன். மணி ஆறேகால். ஒப்பந்த நேரத்துக்குக் கால் மணி முன்னால். இன்று பார்த்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு தட்டு கேட்டது.

நான் நிறுத்தவில்லை. மீண்டும் இரண்டு. பிறகு மூன்று, நாலு என்று கணக்கில்லாமல். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. எழுந்து ஆம்பை நாற்காலியிலிருந்து இறக்கி வெறும் தரையில் வைத்தேன். வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பினேன். ஜன்னல் கதவு அதிர்ந்தது. அடுப்படியில் கரண்டி அதிர்ந்தது. அவர் தட்டத் தட்ட நான் கூட்டிக்கொண்டே போனேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அன்று கேட்ட சத்தம் வேறு மாதிரி இருந்தது. வழக்கமாக மரத்தில் கம்பு மோதும் 'டொக்'. அன்று கேட்டது இரும்பில் உலோகம் படும் 'டங்'. வழக்கமாக முன்னறைக்குக் கீழிருந்து வரும். அன்று என் அடுப்படிப் பக்கமிருந்து வந்தது. காதை வைத்துப் பிழைத்தவன் நான். வித்தியாசம் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. அதைப் பற்றி யோசிக்க எனக்கு விருப்பமில்லை.

பிறகு தட்டுவது நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். இன்னும் உற்சாகமாக வாசித்தேன். கடைசியில் ஸ்பீக்கர் கரகரவென்று காகிதம் கிழிகிற மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. ரிப்பேர் கடைக்காரர் சொன்னது நடந்துவிட்டது. அப்போதும் நிறுத்தவில்லை. ஏழு மணி வாக்கில் கரண்ட் போனது. தெருவில் தண்ணீர் ஏறினால் அந்தப் பக்கம் அணைத்துவிடுவார்கள்.

இருட்டு. மழைச் சத்தம். மடியில் கிட்டாரோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்போது கேட்டது. கீழே குழாய் திறந்தபடி தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நடுவே, மிக மெதுவாக, 'டங்'. வெகுநேரம் கழித்து இன்னொரு 'டங்'.

நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். இன்னும் எதற்காகத் தட்டுகிறார்?

போன் வெளிச்சத்தில் படியிறங்கி ஓடினேன். கதவைத் தட்டினேன். "தாதா! தாதா!" உள்ளிருந்து முனகல் மட்டும் வந்தது. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. எதிர்த் திண்ணையில் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கியிருந்த இஸ்திரிக்காரரைக் கத்திக் கூப்பிட்டேன். பீகாரைச் சேர்ந்தவர், நல்ல பலசாலி. தண்ணீரில் இறங்கி வந்தார். இருவரும் சுற்றிக்கொண்டு பின்முற்றத்துக்குப் போனோம். அங்கிருந்த கதவு உளுத்துப் போனது. அவர் இரண்டு முறை தோளால் மோதினார். தாழ் பெயர்ந்தது.

கீழ் வீட்டுக்காரர் குளியலறைத் தரையில் கிடந்தார். இடுப்புக்குக் கீழே ஒரு கால் இருக்கக் கூடாத மாதிரி திரும்பியிருந்தது. குழாய்த் தண்ணீர் அவர் முதுகை நனைத்துக்கொண்டு ஓடியது. கையில் ஒரு பித்தளைச் சொம்பு. அதைக்கொண்டு சுவரோரம் மேலே போகும் இரும்புக் குழாயை அடித்திருக்கிறார். அந்தக் குழாய் நேராக என் அடுப்படிக்குத்தான் வருகிறது.

ஆம்புலன்ஸ் அந்தத் தண்ணீரில் சந்துக்குள் வர முடியாது என்றார்கள். மெயின் ரோட்டில் நிற்கிறோம், கொண்டு வாருங்கள் என்றார்கள். இஸ்திரிக்காரர் எங்கிருந்தோ சரக்கு ஏற்றும் சைக்கிள் வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். தன் இஸ்திரி மேசைப் பலகையைக் கழற்றி அதன் மேல் அவரைக் கிடத்தினோம். இஸ்திரிக்காரர் தள்ள, நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்தேன். ஒவ்வொரு குழியிலும் கீழ் வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். பாதி வழியில் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நான் தட்டினேனே தாதா. உங்களுக்குக் கேக்கலியா?"

"கேக்கல தாதா" என்றேன். "வாசிச்சுக்கிட்டு இருந்தேன். கேக்கல."

ஒரு கணம்கூடத் தயங்காமல் வந்தது அந்தப் பொய். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் என்ன உறவு என்று கேட்டார்கள். மேல் வீடு என்றேன். படிவத்தில் அதற்கு இடமில்லை. 'நண்பர்' என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். இவ்வளவு நேரம் ஈரத்தில் கிடந்ததில் காய்ச்சலும் ஏறிவிட்டது. சளி நெஞ்சில் இறங்கிவிடுமோ என்று பயந்து, ஆபரேஷனை மூன்று நாள் தள்ளிப்போட்டார்கள். அந்த மூன்று நாளும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. டாக்டர் ஒருவர் போகிற போக்கில், "கொஞ்சம் சீக்கிரம் கவனிச்சிருந்தா இந்தக் காய்ச்சலாவது இல்லாம இருந்திருக்கும்" என்றார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நான்தான் அங்கே நிற்காமல் வெளியே வந்துவிட்டேன்.

கீழ் வீட்டுக்காரருக்கு இருந்தது சிலிகுரியில் ஒரு தங்கை மட்டும்தான். அவர் வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க மட்டும் இல்லன்னா எங்கண்ணன் செத்தே போயிருப்பார்." வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு நர்ஸ், இந்தக் காலத்தில் இப்படிப் பக்கத்து வீட்டுக்காரர் யாருக்குக் கிடைக்கும் என்றாள். மனைவியிடம் போனில் சொன்னபோது அவளும், "நல்லவேளைங்க, நீங்க வீட்டுல இருந்தீங்க" என்றாள். நான் வேறு பேச்சுக்கு மாறினேன்.

தினமும் அலுவலகம் விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போவேன். அவர் அதிகம் பேச மாட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அது முடிந்து ஐந்தாவது நாள், தங்கை மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். இனிமேல் சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்ல மாட்டேன் என்று பட்டது.

"தாதா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீங்க தட்டினது எனக்குக் கேட்டுச்சு."

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். "தெரியும்" என்றார்.

நான் கையிலிருந்த பழப் பையைக் கீழே வைத்தேன்.

"ஒவ்வொரு தடவை நான் தட்டினப்பவும் சத்தம் கூடிச்சு. காதுல விழாதவன் எதுக்குக் கூட்டப் போறான்?"

"அப்ப வண்டியில ஏன் என்கிட்ட கேட்டீங்க?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான்."

தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவரே பேசினார். இந்தியில்தான், வார்த்தைகளைத் தேடித் தேடி.

"மொதல்ல கோபம்தான் வந்துச்சு. வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். உங்க சத்தத்துல எனக்கே கேக்கல. அப்புறம் கை ஓஞ்சு போச்சு. சரி, மேல ஓர் ஆள் இருக்கான், எப்படியும் ஒரு நேரம் நிறுத்துவான், அப்ப தட்டுவோம்னு படுத்துக் கிடந்தேன். கரண்ட் போயி சத்தம் நின்னுச்சு பாருங்க, அப்பதான் ரொம்பப் பயந்தேன். நீங்க வெளிய கிளம்பிட்டா நான் யாரைக் கூப்பிடறது?"

பிறகு தலையை லேசாகத் திருப்பி என்னைப் பார்த்தார். "நீங்க தினமும் வாசிப்பீங்களே ஒண்ணு, அதுல மேல ஏறி எறங்கி வர்ற எடத்துல ஒரு தப்பு வருது. தினமும் அதே எடம், அதே தப்பு. எனக்கு இசை தெரியாது. ஆனா பிழை பாக்கறதுதானே என் தொழில்?"

சிரித்தாரா என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருடமாக யாருமே கேட்காமல் வாசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் ஒரு பிழைகூட விடாமல் கேட்டிருக்கிறார். இவருக்கு ஒரு நாள் நான் டீ போட்டுக் கொடுத்ததில்லை. இவர் வீட்டுக்குள் நான் முதன்முதலாக நுழைந்ததே கதவை உடைத்துக்கொண்டுதான்.

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தங்கையிடம் அவர் இதைச் சொன்னாரா என்பதும் தெரியாது. டிஸ்சார்ஜ் ஆன அன்று அந்த அம்மா அதே அன்போடுதான் என்னிடம் பேசினார். இனி அண்ணனைத் தனியே விட மாட்டேன் என்று சிலிகுரிக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டார். பூஜை நெருங்கும்போது ஒரு வண்டி வந்து அவருடைய புத்தகங்களை ஏற்றிக்கொண்டு போனது. நானும் இஸ்திரிக்காரரும் தூக்கிக் கொடுத்தோம். இப்போது மாதம் ஒருமுறை போனில் கூப்பிடுகிறேன். கம்பு ஊன்றி நடக்கிறாராம். இரண்டு நிமிடம் பேசுவோம். இரண்டு பேருக்குமே அதற்கு மேல் பேசத் தெரியவில்லை.

கீழ் வீடு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. ஆம்புக்குப் புது ஸ்பீக்கர் போட்டுவிட்டேன். எவ்வளவு சத்தமாக வைத்தாலும் இப்போது கேட்பாரில்லை. அப்படி வைக்க மனமும் வருவதில்லை.

அவர் பிழைத்ததால் நான் தப்பித்தேன். பிழைக்காமல் போயிருந்தால், ஊரெல்லாம் என்னை நல்லவன் என்றே சொல்லியிருக்கும், உண்மை எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும் என்று நினைக்கும்போது இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. அன்றிலிருந்து யாராவது தட்டினாலோ, கூப்பிட்டாலோ, அது எனக்குப் பிடிக்காத சத்தமாக இருந்தாலும், முதலில் எழுந்து போய் என்னவென்று பார்த்துவிடுகிறேன். கோபப்பட வேண்டியிருந்தால் அதைத் திரும்பி வந்த பிறகு படலாம்.